டின்னுல அடைச்ச விரதம்

வாடா பேராண்டி, உட்காரு. அந்தப் பிரம்பு நாற்காலி வேணாம்; அது உங்க பாட்டி இருந்த காலத்துது, உன்னைப் பார்த்தாலே முனகுது. சிமெண்டுத் திண்ணைக்கு வா. தொரை காலத்துல கட்டினது, தாங்கும்.

நீலாயிலேர்ந்து வர்றப்ப ரெண்டு அட்டைப்பெட்டி தூக்கிட்டு வந்தியே, பலகாரமோன்னு வாயூறி நின்னேன். பிரிச்சா கறுப்பு டின்னு. "தாத்தா, இதுல சீனி இல்லை, கலோரியும் இல்லை. எடை குறைக்கிறேன். இனிமே தண்ணிக்குப் பதிலா இதுதான்"னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னே. ரொம்ப சந்தோசம்டா ராசா. எங்க காலத்துல விரதம்னா ஒருபொழுது சாப்பிடணும், நாக்கைக் கட்டணும், வெறுங்காலோட கோயிலுக்கு நடக்கணும். இப்ப அவ்வளவையும் ஒரு டின்னுல அடைச்சு, குளுகுளுன்னு பெட்டியில வச்சு விக்கிறான். மூடியை இழுத்தா டப்புன்னு ஒரு சத்தம். விரதம் ஆரம்பிச்சாச்சு.

நேத்து ராத்திரி ரந்தாவ் கடையில உன் விரதத்தைக் கண்ணாரப் பார்த்தேன். ஒரு நாசி லெமாக், அதுக்கு மேல ஒரு நாசி தம்பா, ஆயாம் கோரெங் தொடைத்துண்டு ரெண்டு, சம்பல் தனியா ஒரு கிண்ணம். கடைக்கார அண்ணன் "தண்ணி என்னா?"ன்னு கேட்டாரு. நீ அப்படியே சாமியார் கணக்கா கண்ணை மூடித் திறந்து, "சீனி வேணாம் அண்ணே, டயட்ல இருக்கேன், ஸீரோ குடுங்க"ன்னே. அந்த அண்ணன் முகத்துல ஒரு சுருக்கம்கூட விழலை. நாப்பது வருசமா கடை நடத்துறவருடா அவரு, எதையும் தாங்குவாரு.

இரு, இரு, கோவிச்சுக்காதே. உன் டின்னுக்குப் பரிஞ்சு பேசவும் எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்புல உங்க சித்தி அனுப்பறாளே, "இதைக் குடிச்சா புத்துநோய்"னு சிவப்பு எழுத்துல, அதை நான் நம்பறவன் இல்லை. மருந்துக்கடையில வேலை பாக்குற நம்ம பேத்தியைக் கேட்டேன், அவ போன்ல எடுத்துப் படிச்சுக் காட்டினா. 2023 ஜூலையில உலகச் சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சிப் பிரிவு, உன் டின்னுல இருக்கற அஸ்பார்டேமை "புத்துநோய் வரவைக்கக்கூடியதா இருக்கலாம்"கற பட்டியல்ல சேர்த்துச்சு. அதே பட்டியல்ல ஆசியாக்காரங்க பழைய முறையில போடுற காய்கறி ஊறுகாயும் இருக்குது. உங்க சித்தி அதைப் பத்தி எதுவும் அனுப்பலை. அவ வீட்டு அலமாரியில ஆறு ஜாடி இருக்கே. அதே சமயத்துல உணவுச் சேர்க்கையை ஆராயுற இன்னொரு குழு, ஒரு கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரைக்கும் போகலாம்னு பழைய கணக்கையே நிறுத்திக்கிச்சு. 70 கிலோ ஆளு அந்த அளவைத் தாண்டணும்னா ஒரே நாள்ல 9லேர்ந்து 14 டின்னு வரைக்கும் குடிக்கணுமாம். உனக்கு இன்னும் தாராளம், கிலோவுக்குக் கிலோ கணக்காச்சே. பெருத்த உடம்புக்குக் கிடைச்ச ஒரே சலுகை அதுதான், அனுபவி.

இந்த டின்னு தண்ணி கணக்குல சேராது, உடம்பை வறட்டிடும்னு சொல்றாங்களே, அதுவும் வெட்டிப் பேச்சு. டின்னுல இருக்கறது ஏறக்குறைய முழுசும் தண்ணிதான். நம்ம குழாயில வர்ற அதே தண்ணிக்குக் கறுப்புச் சட்டை மாட்டி, காஸ் ஏத்தி, உன்கிட்ட வெள்ளி கணக்குல விக்கிறான். நீ வேலை செய்யற பக்கத்துலயே, பண்டார் என்ஸ்டெக்ல, கொக்கோ கோலாவுக்கு ஆலை இருக்குது. நெகிரி செம்பிலான்ல வாங்கினதை நெகிரி செம்பிலானுக்கே சுமந்துக்கிட்டு வர்றே. ஆனா ஒண்ணு, மைவி காருக்குப் பின்னால வெயில்ல போட்டு வைக்காதே. அஸ்பார்டேம் சூடு பட்டா உடைஞ்சுபோகும், இனிப்பும் போயிடும். அப்புறம் கறுப்பா புளிப்புத் தண்ணிதான் மிஞ்சும். புளிப்புன்னதும் ஞாபகம் வருது: சீனி இல்லாட்டியும் அதுல அமிலம் இருக்கு. நாள் முழுக்க உறிஞ்சிக்கிட்டே இருந்தா பல்லு மேல்பூச்சை அரிக்கும். எனக்கு அந்தக் கவலை இல்லை, என் பல்லு டம்ளர்ல கிடக்குது.

இந்தச் சீனியில்லா இனிப்பையெல்லாம் எவன் கண்டுபிடிச்சான்னு பேத்தியைக் கேட்டேன் பாரு, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. 1879ல பால்பெர்க்குன்னு ஒருத்தர், அமெரிக்காவுல பால்ட்டிமோர்ல ஆராய்ச்சி பண்ணிட்டுக் கையைக் கழுவாம சாப்பிட உட்கார்ந்தாரு, ரொட்டி இனிச்சுது. அதுதான் சாக்கரின். 1937ல சுவேடான்னு ஒருத்தர், ஆராய்ச்சிக்கூடத்துல சிகரெட்டைக் கீழே வச்சு எடுத்து வாயில வச்சாரு, சிகரெட்டு இனிச்சுது. அது சைக்ளமேட். 1965ல ஷ்லாட்டர்னு ஒருத்தர், காகிதம் எடுக்க விரலை நக்கினாரு, உன் அஸ்பார்டேம் பொறந்துச்சு. 1976ல லண்டன்ல நம்ம இந்தியாக்காரப் பையன், சசிகாந்த் பட்னிஸ்னு பேரு. பேராசிரியரு சோதிச்சுப் பாருன்னு இங்கிலீசுல சொன்னது இவன் காதுக்கு ருசிச்சுப் பாருன்னு விழுந்து, எடுத்து நாக்குல வச்சுட்டான். சுக்ரலோஸ். எனக்கு உங்க பாட்டி சோத்துக்கு முன்னாடி கை கழுவு, கை கழுவுன்னு அறுபது வருசம் கத்தினா. கழுவாம இருந்திருந்தா இந்த லயத்துலயும் ஒரு விஞ்ஞானி கிளம்பியிருப்பான்.

சரி, கேலி போதும். நீ கேட்டது, எடை குறையுமா குறையாதா. அதையும் பார்த்தாச்சு.

பச்சைத்தண்ணி குடிக்கறவங்க, டயட் தண்ணி குடிக்கறவங்கன்னு ரெண்டு கூட்டமாப் பிரிச்சுச் சோதிச்சிருக்காங்க. அமெரிக்காவுல ஒரு சோதனை: 12 வாரம் முடிவுல டயட் கூட்டம் கிட்டத்தட்ட 6 கிலோ இறங்கினாங்க, தண்ணி கூட்டம் 4 கிலோதான். ஒரு வருசம் ஆனதும் இடைவெளி இன்னும் கூடிச்சு. பார்த்தியா தாத்தான்னு துள்ளாதே. செலவு யார் பண்ணினாங்கன்னு பேத்தி கீழே இறக்கிக் காட்டினா: அமெரிக்காவுல பானம் விக்கிறவங்க சங்கம். அதே சங்கத்துப் பணத்துல இங்கிலாந்துல லிவர்பூல்ல இன்னொண்ணு, 2024ல வெளியாச்சு: ஒரு வருசத்துல டயட் கூட்டம் 7.5 கிலோ, தண்ணி கூட்டம் 6.1. ஈரான்ல, தெகரான்ல, 2015ல வந்த சோதனை மட்டும் தலைகீழ்: பகல் சோத்துக்கு அப்புறம் டயட் தண்ணியை விட்டுட்டுப் பச்சைத்தண்ணி குடிச்ச பொம்பளைங்க 24 வாரத்துல 8.8 கிலோ, டயட்டை விடாதவங்க 7.6. மாட்டை விக்கிறவன்கிட்டயே மாட்டுக்குச் சுழி சரியான்னு கேக்காதேன்னு எங்க அப்பா சொல்வாரு. அதுக்காக அவங்க பொய் சொன்னாங்கன்னும் சொல்ல மாட்டேன். எனக்குப் பட்ட வேற ஒரு விசயம் இருக்கு.

ரெண்டு பக்கமும் இளைச்சிருக்காங்கடா! தண்ணி குடிச்சவனும் இறங்கினான், டின்னு குடிச்சவனும் இறங்கினான். எப்படி? அத்தனை பேரையும் கூட்டம் கூட்டமா உக்கார வச்சு எதைத் திங்கணும், எதைத் திங்கக்கூடாதுன்னு பாடம் நடத்தியிருக்காங்க, எடை போட்டிருக்காங்க, நடக்க வச்சிருக்காங்க. பாடத்துக்கு ஓரமாத்தான் டின்னும் கிளாசும். நீ பாடத்தை விட்டுட்டு ஓரத்துல இருந்ததை மட்டும் வாங்கிட்டு வந்திருக்கே, அதுவும் ரெண்டு பெட்டி.

2023 மே மாசம் உலகச் சுகாதார நிறுவனம் வேற ஒரு பரிந்துரையும் வெளியிட்டுச்சு: எடையைக் கட்டுப்படுத்தறதுக்காக இந்த இனிப்புகளைப் பயன்படுத்த வேணாம்னு. 283 ஆய்வைப் பார்த்துட்டுச் சொன்னது. கொஞ்ச நாளைக்கு நடத்தின சோதனைங்கள்ல எடை முக்கால் கிலோ வாக்குல இறங்கியிருக்கு. வருசக்கணக்கா மக்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுங்கள்ல, இதை அதிகம் குடிச்சவங்க கூட்டத்துலதான் உடம்புப் பெருக்கமும் இனிப்பு நீரும் கூடுதலா இருந்திருக்கு. குடிச்சதால பெருத்தாங்களா, ஏற்கெனவே பெருத்துக்கிட்டு வந்ததாலதான் குடிக்க ஆரம்பிச்சாங்களான்னு அதுலேர்ந்து பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனாலதான் பரிந்துரையைக் கொஞ்சம் தளர்த்தியே வச்சிருக்காங்க. இனிப்பு நீர் ஏற்கெனவே வந்தவங்களுக்கு அந்தப் பேச்சு இல்லைன்னும் எழுதியிருக்கு. அதைக் கவனி. பகாவ்ல உங்க பெரியப்பா ஒரு நாளைக்கு மூணு டின்னு சீனித் தண்ணி குடிக்கிறாரே, 100 மில்லிக்கு 10 கிராம்னு வச்சா ஒரு 320 மில்லி டின்னுல 32 கிராம் சீனி, மூணுக்கு நூறு கிராம் பக்கம். அந்த மனுசன் உன் கறுப்பு டின்னுக்கு மாறினா நானே தேங்கா உடைப்பேன். நீ அவர் இல்லையே. நீ பச்சைத்தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தவன். நல்லா இருந்த தண்ணியை விட்டுட்டு இதுக்கு வந்திருக்கே.

இப்ப நான் சொல்றதைக் கேளு, இது எந்த ஆராய்ச்சியிலயும் வராது. நான் ரப்பர்த் தோட்டத்துல பால் வெட்டினவன், ஸ்டோர்லயும் வேலை பார்த்தவன். பால் வெட்டிட்டு பத்து மணிக்கு மேல சனங்க வாளியைத் தூக்கிக்கிட்டு வரிசையா வருவாங்க. வடிகட்டியில ஊத்தி, எடை போட்டு, கிராணி பேரேட்டுல எழுதுவாரு. எடைக்குத்தான் காசுன்னு நினைச்ச சில புத்திசாலிங்க, வர்ற வழியில ஆத்தோரமா குனிஞ்சு எழுந்திருப்பாங்க. வாளி கனமாயிடும். முகம் அப்பிராணியா இருக்கும். கிராணி எதுவும் பேச மாட்டாரு. ஒரு கிளாசுல கொஞ்சம் பாலை எடுத்து, அளவாத் தண்ணி விட்டுக் கலக்கி, மெட்ரோலாக்கை அதுல விடுவாரு. கண்ணாடிக் குச்சி மாதிரி இருக்கும், கீழே குண்டு, மேலே கோடு கோடா எண்ணு. ரப்பரு தண்ணியை விட லேசு. கட்டிப் பாலுல அது இறங்கும், தண்ணி கலந்த பாலுல மேலே நிக்கும். அதைப் பார்த்துட்டு எத்தனை வீதம் காஞ்ச ரப்பர்னு எழுதுவாரு. காசு அந்தக் காஞ்ச ரப்பருக்குத்தான். வாளி எவ்வளவு கனம்னு யாரு கேட்டா? ஆத்துத் தண்ணியை மூணு கல்லு தூரம் சுமந்துட்டு வந்ததுதான் மிச்சம்.

உன் நாக்கு அந்த வாளிடா. இனிப்பு, இனிப்புன்னு கனத்துக் காட்டுது. உள்ளே ஒரு கிராணி உட்கார்ந்திருக்கான், வாய் திறக்க மாட்டான். என்ன வந்து சேர்ந்துச்சுன்னு பார்ப்பான். இனிப்பு பேரேட்டுல இருக்கு, சரக்கு இல்லை. சில பேருக்கு அவன் சும்மா இருந்துடறான். சில பேருக்கு சாயங்காலம் நாலு மணிக்கு, பாக்கி எங்கேன்னு ஆள் அனுப்பறான். உனக்கு அனுப்பறான், நேத்து நாலு மணிக்கு கரிபாப் நாலு போச்சு, நான் எண்ணினேன். அதுகூட நீ வேணும்னு தின்னது இல்லை, "ஸீரோ குடிச்சேன்ல, அதனால பரவாயில்லை"ன்னு நீயே உனக்குச் சலுகை கொடுத்துக்கிட்டது. ஒரு டின்னுல மிச்சம் பிடிச்சதா நீ நினைக்கறதை விடப் பல மடங்கு கரிபாப்ல செலவு பண்றே. கடை வச்சா ஒரு மாசத்துல இழுத்து மூடிடுவே.

இந்த இனிப்பு நாக்கு உன் தப்பு இல்லைங்கறதையும் சொல்லிடறேன். எங்களுக்குப் பழக்கினதே இந்தத் தோட்டம்தான். விடிகாலை நாலு மணிக்குப் பெரட்டுக் களத்துல நிப்போம். மரம் குளிர்ந்திருக்கறப்பத்தான் பால் ஓடும், வெயிலு ஏறினா நின்னுடும். ஆளுக்கு ஒரு நிரை, ஐந்நூறு மரத்துக்குக் குறையாது. இடுப்புல ஒரு பீர் போத்தல். அதுல பீரு இல்லை, கோப்பி. பேப்பரைச் சுருட்டி வாயில அடைச்சிருப்போம். சீனியை அள்ளிக் கொட்டின கோப்பி. வசதி இருக்கற மாசம் டின்பால் சேரும். சம்பளத்தன்னைக்குக் கடையில 555 கடன் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தா, அரிசிக்கு அடுத்தாப்புல சீனியும் டின்பாலும்தான் வரிசையா நிக்கும். அந்தச் சீனி எங்க உடம்புல தங்க வழியே இல்லை. மேட்டுல ஏறி எறங்கி, பாலைச் சுமந்து, மத்தியானம் வீட்டுக்கு வந்து தண்ணிக் குழாயில வரிசையில நின்னு, சாயங்காலம் கோழிக்கூண்டும் காய்கறிக் கொல்லையும் பார்த்து, எரிஞ்சு போயிடும்.

அப்புறம் ரப்பரை வெட்டிட்டுச் செம்பனை போட்டாங்க, லயத்துல பாதியை இடிச்சு வீடமைப்பு கட்டினாங்க, நம்ம பிள்ளைங்க செனவாங்குக்கும் நீலாய்க்கும் ஏசி ஹாலுக்குள்ள போயிட்டாங்க. மேடு போச்சு, நிரை போச்சு, வாளி போச்சு. சீனி மட்டும் கூடவே வந்துச்சு. இப்ப இருபது கிலோ குலையை நீட்டுக் கம்புல வெட்டி, தள்ளுவண்டியில ஏத்தறது லொம்போக்கிலேர்ந்தும் வங்காளதேசத்திலேர்ந்தும் வந்த தம்பிங்க. அவங்க மூணு கரண்டி சீனி போட்டு தே ஓ குடிக்கிறாங்க, வயிறு ஒட்டிப் போய்த்தான் இருக்கு. அவங்களைப் பார்த்து நீ ஏங்கறதுல பிரயோசனம் இல்லை. அவங்க வேலையை ஒரு வாரம் செஞ்சு பாரு, டின்னும் வேணாம், தாத்தா புத்தியும் வேணாம்.

2019ல சுகாதார அமைச்சு நாடு முழுக்க ஓர் ஆய்வு எடுத்துச்சு. அதுல இனிப்பு நீர் அதிகமா இருந்த மாநிலம் எதுன்னு சொல்லு பார்ப்போம்? நம்ம நெகிரி செம்பிலான்தான், 33.2 விழுக்காடு. எந்த இனத்துல அதிகம்? நாமதான், 31.4 விழுக்காடு. கால்பந்துல இப்படி முதல் இடம் வந்திருந்தா சிரம்பான்ல ஊர்வலம் விட்டிருப்போம். வயசு வந்த மூணு பேர்ல ஒருத்தர். இந்தத் திண்ணையில இப்ப நீ, நான், உங்க அப்பன். நான் மாத்திரை போடறேன். அதனால மிச்சம் ரெண்டு பேரும் தப்பிச்சீங்கன்னு நினைச்சுக்காதீங்க, கணக்கு அப்படி வேலை செய்யாது.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2019 ஜூலை முதல் தேதியிலேர்ந்து, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல சீனி இருந்தா லிட்டருக்கு 40 காசு வரி. 2024ல 50 காசு, 2025ல 90 காசு ஆக்கிட்டாங்க. அதனாலதான் கடைப் பெட்டியில உன் ஸீரோ டின்னு இத்தனை ரகமா அடுக்கி நிக்குது. உன் உடம்பு மேல இருக்கற பாசத்துல இல்லை. இன்னொரு கையால சீனி மூட்டைக்கு விலைக் கட்டுப்பாடு போட்டு மலிவாவும் வச்சிருக்காங்க. மாமாக் கடையில நுரைக்க நுரைக்க இழுத்துத் தர்ற தே தாரிக்குக்கு அந்த வரி கிடையாது. டின்னுல வந்தா சீனி குத்தவாளி, கிளாசுல வந்தா சொந்தக்காரன்.

நமக்குக் குடிக்கக் கொடுத்துக் காசு பார்க்கறது புதுசும் இல்லை. எங்க அப்பா காலத்துல தோட்டத்துக்குள்ளயே கள்ளுக்கடை இருந்துச்சு. காலையில கொடுத்த கூலி ராத்திரிக்குள்ள அங்கே திரும்பிடும். 1941ல கிள்ளான் பக்கம் தோட்டத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணினப்ப வச்ச கோரிக்கையில கள்ளுக்கடையை மூடணும்கறதும் ஒண்ணு. கூலி கூட்டிக் கேட்டவங்களே குடிக்கற கடையை மூடச் சொல்லிக் கேட்டாங்க பாரு, அவங்களுக்கு இருந்த தெளிவு! இப்ப அது மாதிரி எவனாவது எழுந்து நின்னு "காஸ் தண்ணியை நிறுத்து"ன்னு சொன்னா, நீயே அவனைப் படம் எடுத்து டிக்டாக்ல போட்டுச் சிரிப்பே.

காஸ் தண்ணிமேல நமக்கு இருக்கற பக்தி சாதாரணம் இல்லை. எப் அண்ட் என் கம்பெனி 1883ல சிங்கப்பூர்ல சோடா போட ஆரம்பிச்சது. நூறாவது வருசத்துக்கு 1983ல 100 பிளஸ்னு ஒண்ணு விட்டாங்க. விளையாடறவங்களுக்குன்னு வந்தது. நம்ம ஆளுங்க அதை மருந்தாக்கிட்டாங்க. காய்ச்சலா, 100 பிளஸ். வயித்தாலையா, 100 பிளஸ். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போறியா, ரெண்டு பெரிய போத்தல் 100 பிளஸ். கட்டில்ல கிடக்கறவன் இனிப்பு நீருக்காகத்தான் படுத்திருக்கான்னு மிஸ்ஸி தலையில அடிச்சுக்கறா.

தைப்பூசத்தைச் சொல்லவே வேணாம். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல். பேருதான் தண்ணீர்ப் பந்தல். போன தடவை வெயில்ல நடந்து போய், தொண்டை வறண்டு, ஒரு பந்தல்ல கையை நீட்டினேன். பந்தோங் இருக்கு தாத்தாங்கறான். சிராப் இருக்கு, பார்லி இருக்கு, கிரிசாந்தமம் பொட்டலம் இருக்கு, ஐஸ் மிலோ இருக்கு, ஆரஞ்சு இருக்கு. "தண்ணி இருக்காப்பா?"ன்னேன். அந்தப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு உள்ளே திரும்பி, "அண்ணே, பெரியவரு வெறும் தண்ணி கேக்குறாரு"ன்னு கத்தினான். உள்ளேருந்து ஒருத்தர் கேன்ல கை கழுவ வச்சிருந்ததைக் காட்டினாரு. முருகனே அன்னைக்கு அந்த வழியா நடந்து வந்திருந்தா, சிராப் குடிச்சுட்டுத்தான் மலையேறியிருப்பாரு.

நீ கேக்கலாம், பச்சைத்தண்ணி மட்டும் கொழுப்பைக் கரைச்சிடுமா தாத்தான்னு. கரைக்காது. வெந்நீரும் கரைக்காது, எலுமிச்சம்பழம் பிழிஞ்சாலும் கரைக்காது, அதுக்கு யூடியூப்ல ஒருத்தி ஆயிரம் காணொளி போட்டாலும் கரைக்காது. வர்ஜீனியாவுல வயசானவங்களை, 55லேர்ந்து 75 வரைக்கும், சாப்பாட்டுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அரை லிட்டர் தண்ணி குடிக்க வச்சுப் பார்த்திருக்காங்க, 2010ல வந்தது. அவங்களும் சாப்பாட்டைக் குறைச்சவங்கதான், ஆனா தண்ணி குடிக்காதவங்களை விட 12 வாரத்துல ரெண்டு கிலோ கூட இறங்கினாங்க. வயித்துல இடத்தைப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான் சங்கதி. தண்ணிக்கு வேற ஒரு குணம் இருக்கு, அதுக்காகத்தான் நான் இவ்வளவு நேரம் தொண்டையைக் கிழிச்சுக்கறேன்: அதுல ருசி இல்லை. தாகம் இருந்தா மட்டும்தான் இறங்கும். தாகம் இல்லாதப்ப எவனும் பச்சைத்தண்ணியைத் தேடிக்கிட்டு பிரிட்ஜைத் திறக்க மாட்டான். நீ ராத்திரி பதினோரு மணிக்குத் திறக்கறியே, அது தாகமா? திறந்தவன் டின்னோட மூடினியா, மூலையில இருந்த லட்டு டப்பாவையும் ஒரு கண்ணு பார்த்துட்டுத்தானே மூடினே? எனக்குத் தூக்கம் வராதுடா, வயசாயிடுச்சு, எல்லாம் காதுல விழும்.

அதனால உன்னை ஒரேயடியா விடச் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா திங்கக்கிழமை விட்டுட்டு, செவ்வாய்க்கிழமை சீனித் தண்ணிக்குப் போயிடுவே. உங்க அப்பன் சிகரெட்டு விட்ட கதை எனக்குத் தெரியும். தெகரான் பொம்பளைங்க பண்ணினதைப் பண்ணு. பகல் சோத்துக்கு அப்புறம் குடிக்கறதை மட்டும் மாத்து, பச்சைத்தண்ணி. அப்புறம் வேலை இடத்துல ஒரு போத்தலை மேசைமேல வை, அந்தப் பக்கம் டின்னு வேணாம். கடைக்குப் போனா தே ஓ கோசோங் கேளு; முதல் வாரம் கசக்கும், மூஞ்சைச் சுளிக்காம குடி, பக்கத்து மேசைப் பொண்ணு பார்க்குது. சனிக்கிழமை ராத்திரி கூட்டாளிங்களோட உட்காரும்போது ஒரு டின்னு ஸீரோ திறந்துக்கோ, நான் கண்டுக்க மாட்டேன். அதுக்குத் துணையா நாசி தம்பா கேட்டா மட்டும் கண்டுக்குவேன். காலையில எழுந்து லயத்துக்குப் பின்னால செம்பனைக்குள்ள போற மண்ரோட்டுல மேடு வரைக்கும் என்கூட நட. நான் கம்பு ஊணி நடக்கறவன், உனக்கு முன்னாடி போயிடுவேன்னு பயமா?

சரி, எழுந்திரு. அந்தக் காலி டின்னுங்களைக் கோணியில கட்டிப் பின்னால வச்சிருக்கேன். அலுமினியம் எடுக்கற சீனன் வியாழக்கிழமை லாரியில வருவான், எடை போட்டுத்தான் எடுப்பான். நீ விரதம் இருக்க ஆரம்பிச்சதுலேர்ந்து இந்த வீட்டை விட்டுக் கிலோ கணக்குல வெளியே போனது அது ஒண்ணுதான். கோணியோட ஒரு முனையைப் பிடி, மோட்டார் வரைக்கும் தூக்கிட்டு வா.